புருஷன்மார் பெஞ்சு

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க சார், பரவாயில்ல. எனக்கு இந்த ஓரம் போதும். இங்கேருந்து பாத்தா முன்னாடி லேடீஸ் சீட்டு நல்லாத் தெரியும். அந்தா, கத்திரிப்பூ கலர் சேலை, மடியில தண்ணி பாட்டில், தெரியுதா? அவங்கதான் எங்க பேரூராட்சி ஒன்பதாம் வார்டு கவுன்சிலர். சீனியம்மா. என் வீட்டுக்காரி.

கவுன்சிலர்னா நான்தான் கவுன்சிலர். பேரு மட்டும் அவளோடது. சிரிக்காதீங்க சார், ஊரு பூரா அப்படித்தான். போஸ்டர் ஒட்டுறதுக்குப் பசை காய்ச்சுற வயசுலேருந்து கட்சியில கெடக்கேன். மீசையில பசை காஞ்சு போயி, என் அம்மா சுடுதண்ணி வச்சுக் கழுவி விடும். கடைசியில சீட்டு என் பக்கம் வர்ற நேரம் பாத்து வார்டைப் பெண்கள் வார்டா மாத்திட்டாங்க. நான் என்ன பண்ண? மார்க்கெட்ல கீரை வித்துக்கிட்டு இருந்தவளைக் கூட்டியாந்து கையெழுத்துப் போட வச்சேன். பேனர்ல என் படம் பெருசா இருக்கும். அவ படம் கீழ மூலையில, தபால்தலை அளவுக்கு. ஜனங்க யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

கட்சிப் பேரைச் சொல்ல மாட்டேன். பஸ்ல யாரு என்னன்னு தெரியாது. நம்ம பக்கம், அவங்க பக்கம், அது போதும் சார். 

இப்ப எங்க போறேன்னா, மாவட்டத்தைப் பாக்கப் போறேன். மாவட்டம்னா ஊரு இல்ல, மாவட்டச் செயலாளர். எங்களுக்குள்ள அப்படித்தான் சொல்லுவோம். கூப்பிட்டு விட்டிருக்காரு. விளக்கம் சொல்லணுமாம். சரியாச் சொல்லலைன்னா அடிப்படை உறுப்பினர்லேருந்தே நீக்கிருவாங்க. அடுத்த தடவை வார்டு பொதுவுக்குத் திரும்பும் சார், எல்லாரும் சொல்றாங்க. அப்ப நானே நிக்கலாம், என் பேரே நோட்டீஸ்ல வரும். இந்த நேரத்துல நீக்கிட்டா நான் யாரு? காலையில எந்திரிச்சு எங்க போவேன்?

எல்லாம் ஒரு துண்டால வந்துச்சு சார். இந்தத் துண்டுதான். கரை போட்டது. நீங்க ஆபீஸ்ல வேலை பாக்குறவர் மாதிரி இருக்கீங்க, சொன்னாப் புரியும். பொறுமையாக் கேளுங்க.

முன்னெல்லாம் கூட்டம் நடந்தா கவுன்சிலரு பொம்பளையா இருந்தாலும் புருஷன் உள்ள போயிப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. புதுசா ஒரு செயல் அலுவலர் வந்தாரு. இ.ஓ.ன்னு சொல்லுவோம். சின்ன வயசு. சட்டப்படி வெளியாளுங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு. நான் வெளியாளாம் சார்! அப்புறம் எங்களுக்குன்னு வராந்தாவுல ஒரு பெஞ்சு போட்டாங்க, கூட்டம் நடக்குற ஹால் ஜன்னலை ஒட்டி. புருஷன்மார் பெஞ்சுன்னு ஊர்ல அதுக்குப் பேரே ஆகிப்போச்சு. ரெண்டு கட்சிப் புருஷன்மாரும் அதே பெஞ்சுதான். வெத்தலை மாத்திக்குவோம், பேப்பர் மாத்திக்குவோம். உள்ள சண்டை நடக்கும், வெளிய நாங்க கால் நீட்டி உக்காந்திருப்போம்.

ஆனா ஓட்டுன்னு வந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஆளாளுக்கு ஒரு சமிக்ஞை. ஒருத்தர் இருமுவாரு. ஒருத்தர் கண்ணாடியக் கழட்டுவாரு. எனக்குத் துண்டு. துண்டு தோள்ல கெடந்தா சும்மா இருக்கணும். துண்டு கைக்கு வந்தா கை தூக்கணும். அவளுக்கு வீட்டுலயே நல்லாச் சொல்லிக் குடுத்திருந்தேன். ஒரு தடவை கூடத் தப்புனது இல்ல. அவ்வளவு கெட்டிக்காரி.

இப்ப வரிக் கதைக்கு வர்றேன். பேரூராட்சியில பணம் இல்ல சார். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி. தண்ணி மோட்டாருக்குக் கரண்டு பில்லு கட்டல. துப்புரவுக்காரங்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போகுது. பேரூராட்சித் தலைவர் மாசிலாமணி, அவங்க பக்கத்து ஆளு, வீட்டு வரியை ஏத்துனாத்தான் ஆச்சுன்னாரு. நம்ம பக்கம் உள்ளூர்ப் பெரியவர் திருவேங்கடம், ஏழை வயித்துல அடிக்காத, வரியில கை வைக்காத, செலவைக் குறைன்னாரு. எங்க கட்சிக் கொள்கை அது. உண்ணாவிரதமே இருந்தோம்.

போன தடவை நாங்க இருந்தப்ப? நாங்களும் ஏத்தத்தான் செஞ்சோம், அது வேற. அப்ப அவசியம் இருந்துச்சு. அப்ப இவங்க உண்ணாவிரதம் இருந்தாங்க. அதே ஆபீஸ் வாசல், அதே பந்தல்காரன், அதே மைக் செட்டு. சீரியல் பல்பைக்கூடப் பந்தல்காரன் கழட்டலைன்னா பாத்துக்கோங்க. அலுப்பா இருக்கு சார் நெனைச்சா. கொடி மட்டும் மாறும். நான் ரெண்டு தடவையும் தொண்டை கட்டுற அளவுக்குக் கத்திருக்கேன், முதல் தடவை ஏத்துன்னு, ரெண்டாம் தடவை ஏத்தாதன்னு.

என் வீட்டு வரியா? அது கொஞ்சம் பாக்கி. கட்சிக்காரன் வீட்டு வாசல்ல வந்து யாரு கேக்குறா? திருவேங்கடம் அண்ணன் கல்யாண மண்டபம் இன்னும் ஓட்டு வீடுன்னுதான் வரியில இருக்கு. மாசிலாமணி ரைஸ்மில்லுக்கும் அதே கணக்குதான். அதெல்லாம் போகட்டும். நாட்டுல பெரிய பெரிய ஆளெல்லாம் கட்டாம இருக்கான்.

சரி, செலவைக் குறைக்கிறதுன்னு வந்தாச்சு. எதைக் குறைக்க? அவங்க சொல்றது நம்ம வார்டு வேலை, நம்ம சொல்றது அவங்க வார்டு வேலை. மண்டபத்துத் தெரு லைட்டு மட்டும் அத்தியாவசியம்னு திருவேங்கடம் அண்ணன் மேசையைத் தட்டுனாரு. கடைசியில, நாங்களும் சிக்கனம்தான்னு காட்டுறதுக்குக் கூட்டத்துல டீ வடையை நிறுத்துனாங்க. அப்புறம் ஆபீஸ் பேனை எல்லாம் நிறுத்துனாங்க. போட்டோ எடுத்துப் போட்டாங்க, நின்ன பேனுக்குக் கீழ தலைவர் வேர்க்க வேர்க்க உக்காந்திருக்கிற மாதிரி. நம்ம பக்கம் சும்மா இருப்பமா? அது நாங்க சொன்ன யோசனைன்னு நாங்களும் போட்டோம்.

அது எவ்வளவு மிச்சம் ஆவும்? அப்பத்தான் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கண்ணுல பட்டுச்சு. மன்னிக்கணும் சார், சாப்பாட்டு நேரத்துல. பொம்பளைங்க கக்கூஸ். மார்க்கெட்டை ஒட்டி இருக்கு, இலவசம். வரவே இல்ல, செலவு மட்டும்தான். மோட்டாருக்குக் கரண்டு, கழுவுறதுக்கு ஒரு அம்மா, பினாயில். பூட்டிருவோம்னாங்க. அதுல மட்டும் ரெண்டு கட்சிக்கும் அப்படி ஒரு ஒத்துமை! ஒருத்தர்கூட மறுக்கல. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க எந்த வார்டு ஓட்டும் இல்லையே. பங்குனி மாசம் பூட்டுப் போட்டாங்க. அன்னைக்குத் துண்டை எடுத்து நான்தான் காட்டுனேன். அவ கை தூக்குனா.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்ல சார், சுவரு இருக்கு. பொம்பளைங்கதான் முணுமுணுன்னாங்க. மார்க்கெட்ல காய் விக்கிறதுக கூட்டமா எங்க வீட்டுக்கு வந்துச்சுக. எல்லாம் அவ கூட உக்காந்து வியாபாரம் பண்ணுனதுக. நான் நல்லபடியா எடுத்துச் சொன்னேன், அம்மா இது கொள்கை முடிவு, நாட்டு நன்மைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கணும்னு. அதுகளுக்கு என்ன புரியும்? பேச்சியக்கான்னு ஒண்ணு, வெங்காயக்காரி, அது சொல்லுது, "தம்பி, விடியக்காலம் உக்காந்தா இருட்டுனப்புறம்தான் எந்திரிப்போம். நீ ஒரு நாளைக்குப் பொறுத்துப் பாரேன்"னு. வாய்க்கொழுப்பு. சீனியம்மா உள்ள நின்னுக்கிட்டு இருந்தா. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தா, ஒருத்தரும் குடிக்கல. திரும்ப மார்க்கெட்டுக்குப் போகணும்ல.

அவளுக்கே அந்தத் தொந்தரவு உண்டு சார். கீரை விக்கிற காலத்துல அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து சுருண்டு கெடப்பா. டாக்டரு தண்ணி குடி தண்ணி குடின்னு தலையால அடிச்சுக்குவாரு. இவ குடிக்க மாட்டா. பிடிவாதம். ஏன் குடிக்க மாட்டேங்குறன்னு நான் கேட்டது இல்ல. கவுன்சிலர் ஆனப்புறம்தான் சரியாச்சு. ராசி அப்படின்னு நெனைச்சுக்கிட்டேன்.

சித்திரையில அந்தப் பேச்சியக்காளை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. சிறுநீரகத்துல என்னமோ கிருமி ஏறிருச்சாம். வெயில் காலம், ஆயிரம் வியாதி வரும். அன்னைக்கு எனக்கு வரி எதிர்ப்பு ஆர்ப்பாட்டம், போக முடியல. சீனியம்மா போயிட்டு வந்தா. வந்து அடுப்படியில உக்காந்துக்கிட்டு, "அந்தப் பூட்டைத் தொறக்க என்ன செலவாகும்?"னு கேட்டா. நான் சொன்னேன், "அது செலவு பத்துன விஷயம் இல்ல, கொள்கை"ன்னு. "கொள்கைக்குப் பொம்பளைக அடக்கிக்கிட்டு உக்காரணுமா?"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "தண்ணி குடிக்காம இருக்கச் சொல்லு"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். என்ன சார் பாக்குறீங்க? அசதியில வர்ற வார்த்தைதானே.

அப்புறம் தலைவர் மாசிலாமணி வீட்டுல பேத்திக்குச் சடங்கு வச்சாங்க. எனக்குப் பத்திரிகை வந்துச்சு. நான் போக முடியுமா? கட்சி. ஆனா ஊருக்குள்ள இருக்கணும்ல, அவளைத் தட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன். அரசியல் வேற, உறவு வேறன்னு நெனைக்கிற ஆளு நான். போனவ பொழுது சாயத்தான் வந்தா. என்ன பண்ணுன இவ்வளவு நேரம்னு கேட்டேன். பேசிக்கிட்டு இருந்தேன்னா. பொம்பளைங்க பேச ஆரம்பிச்சா அப்படித்தான்.

அதுக்கு அடுத்த கூட்டத்துலதான் வரித் தீர்மானம் ஓட்டுக்கு வந்துச்சு. அதுல மாசிலாமணி என்ன பண்ணிருக்காரு தெரியுமா? திடீர்னு அந்தக் கக்கூஸையும் சேத்துட்டாரு. வரி ஏத்துவோம், அதுல மொத வேலையாப் பூட்டைத் தொறப்போம்னு. எந்தப் புண்ணியவாளன் போயிச் சொன்னானோ அவருக்கு. இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

ஆனாலும் நாங்க பயப்படல. நம்ம பக்கம் ஒரு கை அதிகம். சுயேச்சை ஒருத்தர் அவங்ககூடக் கோவிச்சுக்கிட்டு நம்ம பக்கம் வந்துட்டாரு. அதனால தீர்மானம் தோக்கும், மாசிலாமணி முகத்தைத் தொங்கப்போடுவாரு, சாயங்காலம் வெடி போடணும்னு சரமெல்லாம் வாங்கி வச்சாச்சு. 

அன்னைக்கு அக்னி நட்சத்திரம் சார். பேன் கெடையாது, சிக்கனம். வராந்தாவுல தகரக் கூரை. தலையிலேருந்து வேர்வை வழிஞ்சு கண்ணுக்குள்ள போகுது. எரியுது. பெஞ்சுல எல்லாரும் சட்டைப் பித்தானைக் கழட்டிட்டு உக்காந்திருக்கோம். உள்ள இ.ஓ. தீர்மானத்தை வாசிக்கிறாரு. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. அந்த நேரம் பாத்துக் கண்ணுல உப்பு எறங்கிருச்சு. என்னையும் அறியாமத் துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சுட்டேன்.

தொடைச்சுட்டுப் பாக்குறேன், உள்ள அவ கை மேல நிக்குது.

எனக்கு உசுரே போயிருச்சு. துண்டைத் தோள்ல போட்டேன். திருப்பி எடுத்து, வேணாம் வேணாம்னு ஆட்டுனேன். எந்திரிச்சு ஜன்னல் கம்பியைப் பிடிச்சு "ஏத்தா! ஏத்தா, சீனியம்மா!"ன்னு கத்திட்டேன். பியூன் வந்து என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சான். அவ திரும்பவே இல்ல. கையையும் எறக்கல. இ.ஓ. எண்ணி முடிக்கிற வரைக்கும் நேரா வச்சிருந்தா. ஒரு கை வித்தியாசத்துல தீர்மானம் நிறைவேறிருச்சு.

அவ்வளவுதான் சார் நடந்தது. வேர்வைக்கு என்ன கட்சி தெரியும்?

ஆனா யாரு நம்புறா? காசு வாங்கிட்டான்னு சொல்றாங்க. நான் ஒட்டுன சுவத்துலயே எனக்கு எதிரா போஸ்டர் ஒட்டிருக்காங்க, துரோகின்னு. ஒட்டுனது யாரு? என்கிட்ட பசை காய்ச்சப் பழகுன பய. டீக்கடையில உக்காந்தா பக்கத்துல இருக்கிறவன் கிளாஸை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போறான். திருவேங்கடம் அண்ணன் வீட்டுக்குப் போனேன், மண்டபத்துத் திண்டுல சாஞ்சுக்கிட்டு, "உன் பொண்டாட்டியவே உன்னால ஆள முடியல, நீ வார்டை ஆளப் போறியா"ன்னாரு. அழுகையே வந்துருச்சு சார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரோட்டுல அழுதுக்கிட்டே வந்தேன்.

மார்க்கெட்ல மட்டும் மரியாதை குறையல. பூட்டைத் தொறந்துட்டாங்கல்ல. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போனா அவ்வளவு பேரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. பேச்சியக்கா ஒடம்பு தேறி வந்துருச்சு, வெங்காயத்தைப் பையில கொட்டிட்டுக் காசு வாங்க மாட்டேங்குது. நான் கும்பிடு போட்டுக்கிட்டே போவேன். என்னதான் இருந்தாலும் ஜனங்களுக்கு நம்ம மேல ஒரு பிரியம்.

என்ன கேட்டீங்க? அவங்களாவே யோசிச்சுக் கை தூக்கிருக்கலாமேன்னா? 

அவளா! நல்ல ஆளு சார் நீங்க. அவளுக்கு என்ன தெரியும்? பற்றாக்குறை தெரியுமா, பட்ஜெட்டு தெரியுமா? துண்டைப் பாத்தா. கை தூக்குனா. அதான் நடந்தது. அன்னைக்கு ராத்திரி நான் கேக்கத்தான் செஞ்சேன். சோத்துல கை வச்சுக்கிட்டே கேட்டேன்.

"துண்டைப் பாத்துத்தானே தூக்குன?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"ன்னா.

"துண்டுதான்."

"அப்பத் துண்டுதான். ரசம் ஊத்தவா?"

அவ வாயாலயே வந்துருச்சு பாத்தீங்களா? அப்புறம் என்ன சந்தேகம்?

ஒண்ணு மட்டும்தான் சார் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. சித்திரை வெயில் ஏறுனதும், பேன் இல்லாம உள்ள காத்து வரலைன்னு சேரையெல்லாம் திருப்பிப் போட்டுட்டாங்க, தெக்குப் பக்கம் பெரிய கதவைப் பாத்து. வராந்தா ஜன்னல் அவங்க எல்லாருக்கும் முதுகுப் பக்கம் ஆயிருச்சு. இருமுறவருக்கு ஒண்ணும் இல்ல, சத்தம் கேக்கும். எனக்குத் துண்டுல்ல? அவ முதுகுதான் அன்னைக்கு பூரா எனக்குத் தெரிஞ்சுச்சு. முதுகும் கொண்டையும். எப்படித்தான் பாத்தாளோ. கண்ணாடிக் கதவுல நெழல் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அப்படித்தான் இருக்கணும். மாவட்டத்துக்கிட்ட இந்தச் சேர் விஷயத்தைச் சொல்ல வேணாம்னு இருக்கேன். வீணாக் குழப்பம்.

அந்தா பாருங்க, மறுபடியும் குடிக்கிறா. பஸ் ஏறுனதுலேருந்து பாட்டிலும் கையுமா இருக்கா. முன்னெல்லாம் வெளியூர் கிளம்புனா முந்தின நாளே தண்ணியக் குறைச்சுருவா சார். ஒதடு வெடிச்சுப் போயி உக்காந்திருப்பா. இப்ப என்னமோ இப்படி. வயசாக ஆகத் தாகம் எடுக்கும் போல.

காலையில கிளம்பும்போது ஒண்ணு சொன்னா. "மாவட்டத்துக்கிட்ட நான் பேசுறேன். நீங்க வெளிய இருங்க"ன்னா. எனக்குச் சந்தோஷமாப் போச்சு. புருஷனுக்காகப் பேச ஒரு மனசு வேணும்ல. துண்டு விஷயத்தை அவ வாயால சொன்னா எடுபடும். ஆனா நான் சொல்லிக் குடுத்ததைத் திருப்பிச் சொல்லுடின்னேன், சொல்லல. "எனக்குச் சொல்லத் தெரியும்"னு சொல்லிட்டுப் பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போயிட்டா. அதுலேருந்து மனசு ஒரு நிலையில இல்ல. என்ன சொல்லுவா? நீக்குறதா இருந்தா நீக்குங்கன்னு சொல்லிருவாளோ? சேச்சே. அப்படியெல்லாம் பேசுற ஆளு இல்ல. எனக்கு ஒண்ணும் பிடிபடல சார். ரொம்ப அசதியா இருக்கு.

பெரிய பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இருங்க, கையைக் காட்டுறா. எறங்கச் சொல்றா. வர்றேன்த்தா, வர்றேன்!

சார், நீங்க இந்த ஊருன்னு சொன்னீங்கள்ல. அந்த மாவட்ட ஆபீஸ்ல, அவரு உக்காருற ரூமுக்கு ஜன்னல் இருக்கா? வெளிய பெஞ்சு போட்டிருப்பாங்க, அது எல்லா இடத்துலயும் உண்டு. எனக்கு ஜன்னல் மட்டும் இருந்தாப் போதும்.